சார்ஜென்ட் அமிஸாவின் உயரக்கோல்

"சத்தம் வரலை," என்கிறார் சார்ஜென்ட் அமிஸா.

காலை ஐந்தரை மணி. எங்கள் ஊர் சுவெத்ருவின் பள்ளிக்கூட மைதானத்தில் முப்பத்தொரு பேர் நுனிக்காலில் எம்பி நிற்கிறோம். எங்களில் இளையவருக்கே அறுபத்து மூன்று வயது. சார்ஜென்ட் தூக்கிய கையை இறக்கியதும் எல்லோருடைய குதிகாலும் ஒரே சமயத்தில் தரையில் தொம்மென்று விழ வேண்டும். விழத்தான் செய்கின்றன. ஆனால் கிழங்கு மூட்டை அவிழ்ந்துகொண்ட மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக, அவரவர் சௌகரியப்படி விழுகின்றன.

"எலும்பு இருக்கே, அது ஒரு சோம்பேறிப் போலீஸ்காரன்," என்கிறார். "மேலதிகாரி பூட்ஸ் சத்தம் கேட்டாத்தான் எந்திரிப்பான். இல்லேன்னா மரத்தடியில படுத்துக் கெடப்பான். தட்டுங்க. அவன் காதுல விழட்டும். இன்னொரு அம்பது."

இன்னொரு ஐம்பது என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று தடவை சொல்வார். முதல் தடவை சொல்லும்போதே மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வயது எழுபத்தேழு. ஒல்லியான தேகம். தலை வெள்ளை வெளேரென்று இருக்கும். மீசை மட்டும் கன்னங்கரேல். கேட்டால், "தலை ரிட்டயர் ஆயிடுச்சு. மீசை இன்னும் சர்வீஸ்ல இருக்கு," என்பார். கழுத்தில் ஒரு பித்தளை விசில். காலில் நாடா இல்லாத வெள்ளைக் கான்வாஸ் செருப்பு. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை நாடா கட்டிய பூட்ஸ்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நாடாவெல்லாம் புதுசா சேர்ற பசங்களுக்கு," என்று ஒருநாள் அறிவித்துவிட்டு அதை விட்டார்.

எங்கள் ஊரில் உடற்பயிற்சிச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. மற்றச் சங்கத்தார் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, மேளம் தட்டிப் பாடியபடி தெருத்தெருவாக ஓடுவார்கள். எங்கள் திட எலும்புச் சங்கம் ஓடாது. நின்ற இடத்தில் குதிகாலைத் தட்டும், சிமெண்டுக் கட்டையில் ஏறிக் குதிக்கும், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கும், பள்ளிக்கூடச் சுவரைத் தள்ளும், ஒற்றைக் காலில் நின்று பக்கத்திலிருப்பவரைத் திட்டும். ஏழு மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம். எங்கள் பக்கம் சாவுச் சடங்கைச் சனிக்கிழமைக்குத்தான் வைப்பார்கள்; வாராவாரம் எங்காவது ஒன்று இருக்கும். கறுப்புத் துணி மாற்றிக்கொண்டு போக வேண்டும். பயிற்சிக்கு வராத உறுப்பினரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சாவுக்கு வராதவர் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். எலும்பைக் காக்க ஏற்பட்ட சங்கத்துக்கு மிக நல்ல வருகைப்பதிவு கல்லறைத் தோட்டத்தில்தான்.

சங்கம் தொடங்கிய கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சார்ஜென்ட்டின் மனைவி குளியலறைப் படியில் தடுமாறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழவில்லை, மூன்று மாதத்தில் போய்விட்டார். அந்த அம்மாளின் கடைசி உடுப்பை நான்தான் தைத்தேன். அளவுக்காக வீட்டுக்குப் போனபோது சார்ஜென்ட் நான்கு விரலைச் சேர்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இவ்வளவுதான் மாஸ்டர் அந்தப் படி. நாலு விரல் ஒசரம். அதுல விழுந்து ஒருத்தி சாவாளா?"

நான் தையல்காரன். டவியா என்று பெயர். ஊரில் மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் எசிதான் அவருக்குப் பதில் சொன்னாள். வயதானால் எலும்பு உள்ளுக்குள்ளே பொத்தலாகிறது. சுமையும் தட்டலும் கிடைத்தால்தான் அது தன்னைக் கெட்டியாக வைத்துக்கொள்ளும் என்றாள். இந்தப் பயிற்சிகளை எல்லாம் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். சிலருக்கு முதுகெலும்பின் கண்ணிகள் சத்தமில்லாமல் நொறுங்கும். ஆளுக்கே தெரியாது, உயரம் மட்டும் குறைந்துகொண்டு வரும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தவர் குதிக்கக் கூடாது, முன்னால் குனியக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தபடி பயிற்சி செய்யலாம். தெரியாமல் குதித்துக்கொண்டே இருந்தால் அடுத்த கண்ணியும் நொறுங்கும்.

'உயரம்' என்ற சொல் காதில் விழுந்ததும் சார்ஜென்ட் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த சனிக்கிழமை தள்ளுவண்டியில் ஒரு சாமானை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆளைவிட உயரமான மரக்கம்பம். அடியில் ஏறி நிற்க ஒரு பலகை. கம்பத்தில் ஏறி இறங்கும் ஒரு தலைக்கட்டை. அந்தக் கோலை எனக்குத் தெரியும்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், இருபது வயதில், போலீசில் சேரப் போய் வரிசையில் நின்றேன். கேட்ட உயரம் ஐந்தடி எட்டு. கோலின் பக்கத்தில் நின்றது இதே அமிஸாதான், அப்போது கார்ப்பரல். கட்டையை என் தலைமேல் இறக்கினார், பார்த்தார். "அஞ்சடி ஏழரை," என்றார். "அரை அங்குலம்தானே ஐயா," என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த ஆள்," என்றார். ஊர் திரும்பி, மாமன் கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கோல் பொய்க்கோல் என்று என் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், சட்டை தைக்க வந்தவர்களுக்கும் சொல்லியே வயதாகிவிட்டது.

போலீஸ் முகாமில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது சார்ஜென்ட் அதை எடுத்து வீட்டில் வைத்திருக்கிறார். சங்கத்தில் முதல் அளவு நடந்த அன்று நானும் பலகையில் ஏறி நின்றேன். "அஞ்சடி ஏழரை," என்று உரக்கப் படித்தார். பிறகு, "அப்படியே இருக்கே," என்று முணுமுணுத்தார். எல்லோரிடமும் சொல்லும் உபசார வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். பெரிய போலீஸ்காரருக்குச் சின்ன ஆட்களின் முகம் ஞாபகம் இருக்குமா என்ன.

அன்று முதல் வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை, அளவு நாள். நாள் குறித்ததில் ஒரு காரணம் உண்டு. மார்ச் ஆறாம் தேதி எங்கள் நாட்டுச் சுதந்திர தின ஊர்வலத்தில் எங்கள் சங்கமும் மேடைக்கு முன்னால் நடந்துபோகும். சார்ஜென்ட் முதலில், கையில் தடி, பின்னால் நாங்கள். அளவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தவர்கள் நடக்க முடியாது. கூடாரத்தில் நீல நாற்காலிகளில் உட்கார்ந்து கை தட்டலாம். இது நர்ஸ் போட்ட விதி அல்ல, சார்ஜென்ட் போட்டது. "வரிசைன்னா வரிசையா இருக்கணும். மேடும் பள்ளமுமா போனா பாக்கறவன் சிரிப்பான்."

அளக்கும்போது அவர் கண்டிப்பு எங்கள் பெண்களுக்கு ஒரு நகைச்சுவை. தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார். பொய்முடியைக் கழற்றச் சொல்வார். பின்னலை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் கட்டையை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார். "மண்டைக்குத்தான் ஒசரம், மயிருக்கு இல்லை," என்பார். சங்கப் பலகையில் அவரவர் சேர்ந்த நாளின் உயரத்தைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். முதல் பெயர் அவருடையது: அமிஸா, ஆறடி ஒன்று. அது மட்டும் அளந்து எழுதியது அல்ல. அவருடைய வேலைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் கோலின் அடிப்பலகையில் ஏறவில்லை. ஏறச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் தையல்காரன். மனிதர்கள் வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை; சட்டை விழுகிற விதத்தைத்தான் நம்புவேன். மூன்று வருஷத்துக்கு முன்பு சார்ஜென்ட்டின் ஊர்வலச் சட்டையை மாட்டிப் பார்த்தபோது முன் விளிம்பு தாழ்ந்தும் பின் விளிம்பு மேலேறியும் நின்றது. பேன்ட்டின் கால் அப்படியே இருந்தது, இடுப்பு மட்டும் விலாவை நோக்கி ஏறியிருந்தது. கால் குறையவில்லை, முதுகு குறைகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "பழைய அளவுலயே தை மாஸ்டர். எனக்கெல்லாம் அளவு மாறாது," என்றார். டேப்பைக் கிட்டே கொண்டுபோக விடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு, பின்துண்டை ஒரு அங்குலம் நீளமாகவும் முன்துண்டை ஒரு அங்குலம் குட்டையாகவும் வெட்டினேன். சட்டை தராசுத் தட்டு மாதிரி நேராக நின்றது. போன வருஷம் இன்னும் கொஞ்சம் கூட்டி வெட்டினேன். சார்ஜென்ட்டின் முதுகு ஆணி அடித்த மாதிரி நேர் என்று ஊர் பேசிக்கொள்கிறதே, அது என் கத்திரிக்கோலின் வேலை. என் தொழில் கர்வம் அப்படிப்பட்டது. ஒரு நோயாளியை மூன்று வருஷமாகக் குதிக்க விட்டுவிட்டு, சட்டை நன்றாக உட்கார்ந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. விசில் கீழே விழுந்தால் அவர் குனிவதில்லை. "எல்லாரும் முழங்காலை மடக்குங்க, இருபது," என்று விசிலைச் சுற்றி எங்களை உட்கார்ந்து எழவைப்பார். இருபது முடிவதற்குள் யாராவது அதைப் பொறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சிமெண்டுக் கட்டையிலிருந்து குதித்ததும் வானத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நிற்பார். "மழை வருமான்னு பாக்கறேன்," என்பார். பிப்ரவரியில் எங்கள் ஊரில் மழை ஏது. போன வாரம் என் கடைக்கு இந்த வருஷச் சட்டைக்காக வந்தவர், பெஞ்சிலிருந்து எழும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். "பெஞ்சு ரொம்பத் தாழ்வு மாஸ்டர். மாத்து," என்றார். முப்பது வருஷமாக அதே பெஞ்சு. அன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "சார்ஜன்..." என்று ஆரம்பித்தேன். "என்ன?" என்றார், அந்தக் கார்ப்பரல் குரலில். "பொத்தான் வெள்ளையா, பித்தளையா?" என்று கேட்டேன்.

இந்த வருஷ அளவு நாளில் அராபா அக்கா விழுந்தார். விழுந்தார் என்றால் அளவில். எழுபத்திரண்டு வயது. வாழையிலையில் கட்டி வேகவைக்கும் கெங்கி என்ற சோளமாவு உருண்டையும் வறுத்த மீனும் விற்பவர். ஊர்வலத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அவர் குரல் இல்லாமல் சங்கம் நடந்தால் மாட்டுக் கூட்டம் போவது போலத்தான் இருக்கும். பலகையில் ஏறியவரின் தலைமேல் சார்ஜென்ட் கட்டையை இறக்கினார்.

"ஒண்ணே முக்கால் குறைஞ்சிருக்கு. நாற்காலி."

"கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்க சார்ஜன். காலையில இன்னும் கஞ்சி குடிக்கலை. குடிச்சா ஒசந்துடுவேன்."

"நாற்காலி, அராபாம்மா. திங்கக்கிழமை ஆஸ்பத்திரில படம்."

அராபா அக்கா இறங்கினார். தலைத்துணியைக் கட்டிக்கொண்டே நீல நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தார். மிச்சப் பேரும் அளந்து முடிந்தது. எனக்கு ஐந்தடி ஏழு. சார்ஜென்ட் விசிலை வாயில் வைத்தார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி," என்றார் அராபா அக்கா.

"யாரு?"

"நீங்கதான்."

"என் ஒசரம் பதிவுல இருக்கு. ஆறடி ஒண்ணு."

"பதிவு அங்கயேதான் இருக்கும். ஆளு இருக்காரான்னு பாக்கணுமில்ல."

சிரிப்பு எழுந்தது. சார்ஜென்ட் அதை விசிலால் அடக்கினார். "இங்க பாருங்க. எலும்பு தேயறது பொம்பளைங்க வியாதி. என் பொண்டாட்டிக்கு வந்துது. எனக்கு எதுக்கு வரணும்?"

நாற்காலி வரிசையின் கடைசியில் ரொட்டிக் கடை வைத்திருந்த கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறார். தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அப்ப நான் யாரு சார்ஜன்?"

இப்போது அடக்க முடியாத சிரிப்பு. சார்ஜென்ட் மட்டும் சிரிக்கவில்லை. அராபா அக்காவும் சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மா ரெண்டு வருஷமாக் கூனிக்கிட்டு வந்தாங்க," என்றார். "நம்ம யாருக்கும் தெரியலை. அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு நீங்கதான சொல்லிச் சொல்லி எங்களைப் பலகையில ஏத்தறீங்க. ஏறுங்க. மாஸ்டர் பாக்கட்டும்."

சார்ஜென்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் கான்வாஸ் செருப்பைக் குனியாமல், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழற்றினார். பலகையில் ஏறினார்.

குதிகால் கம்பத்தில் பட்டது. இடுப்பு பட்டது. தோள் படவில்லை. தலைக்கும் கம்பத்துக்கும் நடுவே என் கை நுழையும்.

"நேரா நில்லுங்க சார்ஜன்," என்றேன் மெதுவாக.

"நேராத்தான்யா நிக்கிறேன்," என்றார்.

பொய் சொல்லவில்லை அவர். நேராக நிற்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார். தலைக்கட்டையை இறக்கினேன். கட்டை அவர் வெள்ளைமுடியைத் தொட்டதும் விளிம்புக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தேன். ஐந்தடி பதினொன்று. நாற்காலிக்கு அனுப்பும் கோட்டுக்கு அரை அங்குலம் கீழே.

நியாயமாக நான் குதூகலித்திருக்க வேண்டும். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஐம்பது வருஷம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதே கோல், அதே அரை அங்குலம், இந்தத் தடவை கட்டை என் கையில். ஆனால் நான் நினைத்தது ஊர்வலத்தன்று மேடைக்கு முன்னால் தடி ஏந்தி நடக்க வேண்டிய அந்த மனிதரைத்தான். கடையில் தைத்து மாட்டியிருக்கும் சட்டையை. அதன் பித்தளைப் பொத்தான்களை. அவர் குதித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அஞ்சடி பதினொண்ணரை."

சரியாகக் கோட்டின் மேலேயே, நாற்காலிக்குத் தப்பும் அளவு. எல்லோரும் கை தட்டினார்கள். அராபா அக்கா தட்டவில்லை.

சார்ஜென்ட் பலகையிலிருந்து இறங்கவில்லை. வலது கையை மெல்லத் தூக்கி, தலைக்கட்டையின் அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கம்பத்தோடு அழுத்தினார். விரலை எடுக்காமலே இறங்கித் திரும்பினார். நகம் இருந்த கோட்டைப் பார்த்தார். அந்தக் கோடுகளை அவருக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அன்னைக்கு உனக்கு நான் சரியாத்தான் பாத்தேன் மாஸ்டர்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். "நீயும் சரியாப் பாரு."

அன்று வரிசையில் நின்ற பையன் நான்தான் என்று ஒன்பது வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அஞ்சடி பதினொண்ணு," என்றேன்.

"அவங்களுக்குக் கேக்கலை."

"அஞ்சடி பதினொண்ணு."

சார்ஜென்ட் கம்பத்திலிருந்து விரலை எடுத்தார்.

"அடுத்த ஆள்," என்றார்.

வரிசையில் யாரும் இல்லை. அவர் வெறுங்காலோடு நீல நாற்காலிகளை நோக்கி நடந்தார். அராபா அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சார்ஜென்ட் உட்கார்ந்தார். இரண்டு குதிகாலையும் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, தரையில் ஓங்கி அடித்தார்.